குறைவாக ஓடியவருக்கே அடுத்த முறை

2011-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் மாணவர் கைக்கு வந்த மடிக்கணினிகள் பலவற்றில், விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. திருவண்ணாமலை வீடுகளுக்கும் வந்த இயந்திரம் அது. பின்னணியில் ஒரு பெரிய கோப்பு சுருங்கிக்கொண்டிருக்கும்; உள்ளே விசிறி இரையும். அப்போதும் விரல் தொட்ட எழுத்து சட்டென்று திரையில் விழும். எவ்வளவு சுகமான விஷயம் அது!

அதற்குப் பின்னால் அலுக்காத ஒரு கணக்கு இருக்கிறது. 2007-இல் இங்கோ மோல்னார் லினக்ஸுக்கு எழுதிய சிஎஃப்எஸ் என்ற நேரப் பங்கீட்டு முறை, ஒவ்வொரு நிரலும் ஓடிய நேரத்தை நானோசெகண்டில் குறித்துவைத்தது. குறைவாக ஓடியதற்கே அடுத்த முறை. விசைக்குக் காத்திருக்கும் நிரல் நேரத்தை அதிகம் செலவழிப்பதில்லை. கூப்பிட்டதும் முன்னால் வந்துவிடும். நெடுநேரம் தூங்கிவிட்டுப் பழைய பாக்கியை மொத்தமாகக் கேட்கவும் முடியாது. ரசிக்க வேண்டிய நுணுக்கம் இதுதான்.

ஒரே மையச் செயலியை இருவர் பகிர்ந்தால்? ஒருவர் ஐம்பது நிரல் ஓட்டுகிறார், மற்றவர் ஒன்றே ஒன்று. ஐபிஎம்மின் ஸ்ரீவத்ச வட்டகிரி எழுதிய குழுப் பங்கீட்டில் பயனர்வாரியாகப் பிரித்தால், முதலில் ஆளுக்குப் பாதி. பிறகுதான் அவரவர் நிரல்களுக்கு. திருவண்ணாமலை ரமணாசிரமப் பந்தியில் தம் இலையில் மட்டும் கூடுதலாக விழ ரமணர் சம்மதிக்கமாட்டார். அந்த ஊருக்கு இந்த முறை பழக்கமானது.

2023-இல் லினக்ஸ் 6.6-இல் சிஎஃப்எஸ்ஸின் இடத்துக்கு ஈஈவிடிஎஃப் என்ற முறை வந்தது. பங்கு பாக்கியுள்ள நிரல்களில், கெடு நெருங்கியதை அது முதலில் அழைக்கிறது.