துளையில்லாக் குழல்கள்

திருக்கழுக்குன்றத்துச் சங்கு தீர்த்தத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் என்பது ஐதிகம். உதட்டை அதிரவைத்து ஊதும் கருவிகளில் மிகப் பழையவற்றில் ஒன்று சங்கு. கொம்பு, எக்காளம், திருச்சின்னம் எல்லாம் அதே முறையில் ஒலிக்கும் உலோகக் குழல்கள். இவற்றில் விரல் வைக்கத் துளை கிடையாது. உதடு இறுக இறுகச் சுரம் தாவும். கீழே இடைவெளி அகலம், மேலே போகப்போக நெருக்கம்.

ஐரோப்பாவின் பழைய டிரம்பெட்டும் இதே இனம். ஏழெட்டு அடிக் குழலை மடக்கி, நெருங்கிய மேல் சுரங்களில் முழு மெட்டையே அங்கே வாசித்தார்கள். பாஹின் இரண்டாம் பிராண்டன்பர்க் கான்சர்ட்டோ இன்றும் டிரம்பெட் கலைஞரைத் திணறவைக்கும். 19ஆம் நூற்றாண்டில் வால்வு வருவதற்கு முன்பே அந்த வித்தை மங்கத் தொடங்கியிருந்தது. பின்னால் அதை மீட்டவர்களுக்கு ஃபான்டினி 1638இல் வெளியிட்ட பயிற்சி நூலும், ஆல்ட்டன்பர்க்கின் 1795ஆம் ஆண்டு நூலும் கைகொடுத்தன. சுரம் பிசகாதிருக்கக் குழலில் சிறு துளை இடலாமா என்று இன்றும் அங்கே வாதாடுகிறார்கள். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன்.

நம் மரபு மெட்டைத் தேடவில்லை. நீண்ட ஒலியையும் தாளத்தையும் தேடியது. வைணவக் கோயில்களின் திருச்சின்னம் இரண்டு நேர்க்குழல்கள். இரண்டையும் ஒருவரே சேர்த்து ஊதிப் பெருமாள் புறப்பாட்டை அறிவிப்பார். காஞ்சி வரதரின் சின்ன முழக்கத்தை வைத்தே வேதாந்த தேசிகர் திருச்சின்னமாலை பாடினார். சைவத்திலும் சின்னத்துக்குப் பெருமை உண்டு: ஞானசம்பந்தருக்கு அரத்துறையில் முத்துச் சிவிகையோடு சின்னமும் கிடைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. கிராமத் தெய்வங்களுக்குக் கொம்பு. கேரளப் பஞ்சவாத்தியத்தில் கொம்புக்காரர்கள் வரிசையாக நின்று, காலம் ஏற ஏறத் தாளத்தையே ஊதுகிறார்கள். ஒருவர் பிந்தினாலும் ஊருக்கே தெரிந்துவிடும்.

நம் பக்கம் தளர்ந்திருப்பது வாசிப்பின் தரம்தான். எடுப்பு உடையக்கூடாது, மூச்சு தீரும்போது சுருதி இறங்கக்கூடாது, ஜோடியாக ஊதினால் இரண்டும் ஒன்றாக நிற்கவேண்டும். சத்தம் வந்தால் போதும் என்று விட்டுவிட்டால் அது வாசிப்பு ஆகாது.

வாசிப்பு தேறக் குழலும் சரியாக இருக்கவேண்டும். மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசுச் சிற்பக் கல்லூரி உலோகச் சிற்பமும் கற்பிக்கிறது. பழைய குழல்களின் நீளம், வாய் அகலம், தகட்டின் கனம் ஆகியவற்றை அளந்து வரைய அங்குள்ள கைகளுக்குத் தெரியும். அந்தப் பணியை அவர்கள் ஏற்கவேண்டும். உங்கள் ஊர்க் கோயில் அறையில் ஒரு கொம்போ சின்னமோ கிடந்தால் எடைக்குப் போடவிடாதீர்கள். ஊதத் தெரிந்த பெரியவர் இருந்தால், அவர் வாசிப்பதை இந்த ஆண்டுத் திருவிழாவிலேயே ஒலிப்பதிவு செய்துவிடுங்கள்.