காருக்கு மேலே நூறு வீடுகள்: மியூனிக் டான்டேபாட் குடியிருப்பு

நகரத்துக்குள் மரவீடு கட்டுவது பற்றி யார் எழுதினாலும் மியூனிக்கின் டான்டேபாட் குடியிருப்பு அதில் எப்படியும் வந்துவிடும். 2016-இல் கட்டியது. கட்டடக்கலைஞர் ஃபுளோரியான் நாக்லர். கட்டவைத்தது கெவோஃபாக் என்ற, நகராட்சிக்குச் சொந்தமான வீட்டுவசதி நிறுவனம். டான்டேபாட் ஒரு பொது நீச்சல்குளம். அதற்கான கார் நிறுத்துமிடத்தின் மேலே, கார்களைக் கீழேயே விட்டுவிட்டு, நூறு வீடுகளை அடுக்கியிருக்கிறார்கள். எல்லாரும் புகழ்வது மேலே உள்ள மரத்தை. எனக்கு இந்தக் கட்டடத்தில் பிடித்ததும் உறுத்துவதும் மரத்துக்குக் கீழேதான் இருக்கிறது.

அமைப்பு ரொம்ப எளிது. வரிசையாகக் கான்கிரீட் தூண்கள், அவற்றின்மேல் ஒரு கான்கிரீட் தளம். பார்க்க நீளமான மேசை மாதிரி இருக்கும். அந்த மேசைமேல் நான்கு மாடி மரக்கட்டுமானம். நம்ம ஊர் அடுக்குமாடிகளில் ‘ஸ்டில்ட் பார்க்கிங்’ என்கிறோமே, அதேதான். ஒரே வித்தியாசம், அங்கே கீழே நிற்கும் கார் மேலே குடியிருப்பவருடையது இல்லை. குளிக்க வருகிறவர்களின் கார். 111 கார் இடங்களில் 107 அப்படியே தப்பித்துவிட்டன.

மரத்தை ஏன் எடுத்தார்கள்? சுற்றுச்சூழல் என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். நான் அதை முதல் காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2015-இல் மட்டும் ஜெர்மனிக்கு அடைக்கலம் தேடி வந்தவர்கள் சுமார் 8.9 லட்சம் பேர். அவர்களில் பெரும் பங்கினர் ரயிலில் வந்து இறங்கிய முதல் பெரிய நகரம் மியூனிக். அங்கே ஏற்கெனவே வீட்டுக்கு அடிதடி. உடனே கட்ட வேண்டும், பள்ளம் தோண்ட நேரமில்லை. மரச்சுவர்களைத் தொழிற்சாலையிலேயே செய்து லாரியில் கொண்டுவந்து நிறுத்திவிடலாம். குளியலறைகளும் முழுப்பெட்டிகளாகவே வந்து இறங்கின. மரத்தின் எடை கான்கிரீட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் என்பதால் கீழே உள்ள மேசைக்கும் சுமை குறைவு. வேலை தொடங்கிய அதே ஆண்டில் ஆட்கள் குடியேறிவிட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, இது சாதனைதான். மரம் இங்கே தன் கூலிக்கு உழைத்திருக்கிறது.

கரிமக் கணக்குக்கு வருவோம். ஒரு கன மீட்டர் ஊசியிலை மரத்தில் முக்கால் டன் அளவுக்குக் கரியமில வாயு அடங்கியிருக்கும். கட்டடம் நிற்கும்வரை அது உள்ளேயே கிடக்கும், நல்லது. ஆனால் அந்த மேசை? கார்கள் அங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்ததால்தானே அத்தனை தூணும் தளமும் வந்தன? பாதி கார்களை அப்புறப்படுத்தியிருந்தால், மர மாடிகளைச் சாதாரண அடித்தளத்தின்மேல் தரையோடு நிறுத்தியிருக்கலாம். நியாயமாகப் பார்த்தால் அந்தக் கான்கிரீட் நீச்சல்குளத்துக் கார்களின் செலவு. அதைக் குடியிருப்பின் கணக்கில் எழுதிவிட்டு, மேலே மரம் போட்டதைப் பெருமையாகப் பேசுகிறோம். காரில் கை வைத்திருந்தால் அக்கம்பக்கத்தார் ஆட்சேபம், விசாரணை என்று ஆண்டுகள் ஓடியிருக்கும் என்பது என் ஊகம். நாக்லர் சண்டையைத் தவிர்த்து வீட்டைக் கட்டினார். அந்தச் சமரசத்தை நான் குறை சொல்லவில்லை. சமரசம் என்று பெயர் சொல்லாமல் அதையே ‘புத்திசாலித்தனமான இடப் பயன்பாடு’ என்று வர்ணிப்பதுதான் பொறுக்கவில்லை.

தளவரைபடத்தைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். நூறில் 86 வீடுகள் ஒற்றை அறை. மீதி 14 இரண்டரை அறை. தூண் எங்கே நிற்கலாம் என்பதைக் காரின் அகலம் முடிவு செய்கிறது, அறையின் அகலம் தூணைப் பின்தொடர்கிறது. ‘எல்லோருக்கும் வீடு’ என்ற நகராட்சித் திட்டத்தில் வந்தது இது: வீடற்றவர்கள், அடைக்கலம் கிடைத்த அகதிகள், குறைந்த வருமானக்காரர்கள். தனியாக வந்தவருக்கு ஒற்றை அறை பெரிய ஆறுதல்தான், அதில் சந்தேகமில்லை. இரண்டு வருடம் கழித்து அவர் மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தால்? மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான். வீட்டுக் கதவுகள் எல்லாம் திறந்த நடைபாதையைப் பார்த்து இருக்கின்றன, மொட்டைமாடியில் பொதுத் தளம் உண்டு. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பேச வாய்ப்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் தரையில் கால் வைத்தால் கார்கள்தான். தெருவைப் பார்த்து ஒரு வீட்டு வாசலும் இல்லை.

பெரிய பாடமாக எல்லாரும் எடுத்துக்கொண்டது ‘மரம் + பார்க்கிங்’ என்ற சூத்திரத்தை. என்னைக் கேட்டால் இங்கே ஓடியது வேறு எஞ்சின். நிலம் நகரத்துடையது. மியூனிக்கில் மனைக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்றால் பாதிப் போர் முடிந்த மாதிரி. 2019-இல் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் பெஸ்டல் நிறுவனமும் போட்ட கணக்கில், ஏற்கெனவே உள்ள கட்டடங்களையும் அவற்றின் இடங்களையும் பயன்படுத்தியே ஜெர்மனியில் 23 முதல் 27 லட்சம் வீடுகள் வரை உருவாக்கலாம் என்றார்கள். அதில் சுமார் பாதி, பழைய குடியிருப்புகளின் கூரைமேல் மாடி எழுப்புவது. ஒற்றை மாடி சூப்பர்மார்க்கெட் இடங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. மரத்தின் எடை குறைவு என்பதால் கூரைமேல் ஏற்ற அதைவிடத் தோதான பொருள் இல்லை. ஆனால் அந்தக் கூரைகளுக்கு ஆயிரம் சொந்தக்காரர்கள். அவர்களிடம் எந்த விலைக்கு, எந்த வாடகைக்கு என்று பேசி முடிப்பது யார்? அந்தக் கேள்விக்கு டான்டேபாட்டில் விடை இல்லை. அங்கே அந்தக் கேள்வியே எழவில்லை.

மரம் பற்றியும் ஒரு வார்த்தை. லண்டனில் 2017-இல் டால்ஸ்டன் வொர்க்ஸ் என்று 121 வீடுகளை மரப்பலகையிலேயே எழுப்பினார்கள். அதே ஆண்டு கிரென்ஃபெல் தீ விபத்து. அந்தக் கட்டடம் மரமில்லை என்றாலும், 2018 டிசம்பரில் 18 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியக்கூடிய பொருளுக்கு இங்கிலாந்து தடை போட்டது. உயரமான மரவீடு அங்கே அத்தோடு படுத்துவிட்டது. டான்டேபாட் மாதிரி ஐந்து தளத்தோடு நிறுத்திக்கொள்வதில் விவேகம் இருக்கிறது.

பிறகு அதே நாக்லர், பக்கத்திலேயே ரைன்மார்பிளாட்ஸில் இரண்டாவது குடியிருப்பு ஒன்றைக் கட்டினார். அதுவும் பார்க்கிங்கின் மேல்தான். அங்கேயும் கார்கள் கீழே நிற்கின்றன.