பாக்தாதின் வர்ராக் கடைத்தெரு

அச்சு வராத காலத்துப் புத்தகக் கடையில் விற்பவரே எழுதுபவர். அப்பாஸியர் கால பாக்தாதில் அவருக்கு வர்ராக் என்று பெயர். காகிதம் விற்பார், படியெடுத்துக் கொடுப்பார், மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துவார், பைண்டு செய்வார். 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகருக்குள்ளேயே காகித ஆலை வந்துவிட, தோலையும் பாப்பிரஸையும் நம்பியிருந்த தொழில் ஒரு தெருவாகவே பெருகியது. 9ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் யஅகூபீ தரும் கணக்கு, நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள்.

வர்ராக்குகளில் ஒரு சாராருக்கு எழுத்தழகே முதல். 940இல் மறைந்த இப்னு முக்லா, பேனா முனை பதிக்கும் புள்ளியை அலகாக வைத்து ஒவ்வோர் எழுத்துக்கும் அளவு வகுத்தார். அந்த வழியில் வந்த படிகள் கண்ணுக்கு விருந்து. இன்னொரு சாரார் தாங்களே கற்றறிந்தவர்கள். என் மனம் சாய்வது இவர்கள் பக்கம். யஹ்யா இப்னு அதீ கிறிஸ்தவர், நகரின் தலையாய தர்க்க அறிஞர். குர்ஆனுக்குத் தபரீ எழுதிய பெரும் விரிவுரையை இரண்டு முறை தன் கையாலேயே படியெடுத்தவர். இப்படி ஓயாமல் எழுதலாமா என்று நூற்பட்டியலாளர் இப்னு நதீம் கடிந்துகொண்டபோது, ஒரு பகல் இரவில் நூறு தாள் வரை எழுதுவேன் என்றாராம்.

இப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்திருக்கும் கடையில் பேச்சு கூடாமல் இருக்குமா? பாபுத் தாக் பகுதியின் வர்ராக் கடைத்தெருவில் தத்துவமும் இலக்கணமும் விவாதிக்கப்பட்டன. வாங்காதவருக்கும் அங்கே இடம் உண்டு. எழுத்தாளர் அல் ஜாஹிஸ் கடைகளை இரவுக்கு வாடகைக்கு எடுத்து, உள்ளேயே தங்கிப் படித்தார் என்று சொல்வார்கள்.

வருமானம் மட்டும் சொற்பம். அரபு உரைநடையின் மேதைகளில் ஒருவரான தவ்ஹீதீ பல காலம் படியெடுத்தே பிழைத்தார். பீடை பிடித்த தொழில் என்று அதைச் சபித்தார். முதுமையில் தன் நூல்களைத் தானே எரித்தார்.

யஹ்யாவைக் கடிந்துகொண்ட இப்னு நதீம், வர்ராக் ஒருவரின் மகன். 987இல் அவர் தொகுத்த ஃபிஹ்ரிஸ்த், அரபு மொழியில் அவர் அறிந்த நூல்களுக்கெல்லாம் ஒரு பட்டியல். கவிஞர்களின் தொகுப்புக்கு இத்தனை தாள் என்று கணக்குத் தருகிறார். தாள் என்றால் எந்தத் தாள் என்பதையும் சொல்லிவிடுகிறார்: சுலைமானீ வகைத் தாள், பக்கத்துக்கு 20 வரி. கைக்கு வந்தது முழுப் படியா, குறைப் படியா என்று வாங்குபவர் பார்த்துக்கொள்ளலாம். புத்தக வியாபாரத்தின் நேர்மைக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பட்டியலில் உள்ள நூல்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. பலவற்றுக்குப் பெயர் மட்டும் மிச்சம். சிலவற்றுக்குத் தாள் கணக்கும்.