தொட்டிக்குள் தொழு உரம்: மாடித் தோட்டத்தின் வலிமையும் வரம்பும்

மானிய விலையில் மாடித் தோட்டத் தளைகளை வழங்கும் திட்டத்தைத் தமிழகத் தோட்டக்கலைத் துறை 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியபின், பையிலும் தொட்டியிலும் காய்கறி வளர்ப்பது நகரத்து வீடுகளில் பரவலான வழக்கமாயிற்று. அதனுடன் ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு மக்கிய தொழு உரம் என்னும் கலவை விதியும் ஏறக்குறைய மந்திரம்போல் பரவிற்று. இதில் மூன்றாம் பங்கின்மேல் உள்ள நம்பிக்கை வயலிலிருந்து வந்தது. வயலில் எரு குறைந்தால் வேர் ஆழத்தில் தேடிக்கொள்ளும், கூடினால் மழை கரைத்துக்கொண்டு போகும். 20 லிட்டர் கொள்ளும் பையில் முதல் வழி முற்றிலும் அடைபட்டு, இரண்டாவதும் குறுகிவிடுவதால், எருவின் நன்மையும் பிழையும் அங்கே பெருகியே தெரிகின்றன.

மக்குதல் என்பது சாணமும் சிறுநீர் ஊறிய வைக்கோலும் குவியலில் நுண்ணுயிர்களால் சிதைந்து, சூடேறி, பின் ஆறி, மட்கு எனப்படும் எளிதில் அழியாத கரிமப்பொருளாக மாறும் நிகழ்ச்சியாகும். இந்த மட்கின் முதன்மையான பயன் செடிக்கு உணவாவதைவிட, மண்ணின் அமைப்பைத் திருத்துவதில்தான் இருக்கிறது. செம்மண்ணை மட்டும் நிரப்பிய தொட்டி தினமும் நீர் ஊற்ற ஊற்ற இறுகி, வெயிலில் ஓரம் விட்டுப் பிளந்து, ஊற்றிய நீர் அந்தப் பிளவு வழியே அப்படியே வெளியேறுவதைக் காணலாம். மட்கு சேர்ந்தாலோ மண்துகள்கள் குருணைகளாகத் திரண்டு, இடைவெளிகளில் காற்றையும் தம்முள் ஈரத்தையும் வைத்துக்கொள்கின்றன. எடையிலும் இக்கலவைக்கு ஆதாயம் உண்டு. ஆள் நடமாட்டமுள்ள தட்டை மாடிக்கு இந்தியக் கட்டட விதி ஐ.எஸ். 875 கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ. ஓரடி ஆழத்துக்கு ஈரமண்ணைப் பரப்பினாலோ அது 500 கிலோவைத் தொட்டுவிடும். எருவும் நார்க்கழிவும் அந்தப் பாரத்தைக் கணிசமாகக் குறைக்கின்றன.

உணவு என்ற வகையில் எருவை மதிப்பிட ஒரு சிறு கணக்குப் போதும். 20 லிட்டர் பையில் மூன்றில் ஒரு பங்கு எரு என்பது சுமார் 4 கிலோ. தொழு உரத்தில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், ஏறத்தாழ 0.5 சதவீதம் என்பதால் மொத்தம் 20 கிராம்; அதிலும் முதல் பருவத்தில் செடிக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. ஆக ஆறு கிராமைச் சுற்றியே நிற்கும் இந்த இருப்பில், ஒரு கிலோ பழத்துக்கு ஏறக்குறைய மூன்று கிராம் எடுத்துக்கொள்ளும் தக்காளிச் செடி இரண்டு கிலோ காய்ப்பதற்குள் எல்லாம் தீர்ந்துவிடும். தினசரி நீரோடு வடிகால் துளை வழியே பழுப்பு நிறமாக வெளியேறுவதையும் கழித்தால் பற்றாக்குறைதான். பூக்கும்வரை செழித்த செடி காய் பிடித்ததும் அடியிலைகள் வெளுத்துச் சோர்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாயிருக்க, வளர்ப்போர் அதை நோயென்று கருதி வேப்பெண்ணெய் தெளித்துக்கொண்டிருப்பார்கள். இருபத்தைந்து நாளில் பறிக்கும் கீரைக்கு எரு ஒன்றே போதும்; கத்தரி, தக்காளி, மிளகாய்க்குக் காய்ப்பருவத்தில் ஊறவைத்த கடலைப் புண்ணாக்கோ பொடித்த ஆட்டுப் புழுக்கையோ மேலுரமாக வேண்டும்.

கலவையின் மற்றொரு பங்காளியும் இந்தப் பற்றாக்குறைக்குத் துணைபோகிறது. மக்காத நார்க்கழிவில் கரிமம் தழைச்சத்தைப்போல் 112 மடங்கு இருக்கிறது. அதைச் சிதைக்க முனையும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை எருவிலிருந்தே பிடுங்கிக்கொள்வதால் செடிக்கு மிஞ்சுவது இன்னும் சுருங்கும். சிப்பிக் காளானும் யூரியாவும் இட்டு மக்கவைத்து இவ்விகிதத்தை 24 மடங்காகக் குறைக்கும் முறை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையாக நெடுநாளாக இருந்தும், கடையில் கிடைக்கும் கட்டிகள் கழுவிக் காய்ந்தவையா, மக்கியவையா என்று கேட்டு வாங்குவோர் குறைவு.

இம்முறையின் மிகப் பெரிய குறை, எரு விலைக்கு வாங்கும் பொருளாகிவிட்டதில் இருக்கிறது. மாடு வைத்திருக்கும் வீட்டில் குப்பைக்குழியின் வயது தெரியும். நகரத்தில் மூட்டையில் வருவது பல வேளைகளில் வெயிலில் காய்ந்த சாணமே தவிர எரு அன்று. அதில் வேரைத் தின்னும் வெள்ளைப் புழுக்களும் கோரைக் கிழங்கும் இருக்கலாம்; பையில் நனைந்தபின் மீண்டும் சூடேறி நாற்றின் வேரைக் கருக்கவும் கூடும். கையளவு எடுத்துப் பார்த்து நிறத்தாலும் மணத்தாலும் தீர்மானிப்பது நம்பத்தக்கதன்று. ஒரு கூடையளவு எருவை நனைத்துக் குவித்து மூன்று நான்கு நாள் மூடிவைத்து, உள்ளே கைவிட்டால் சூடு தெரிகிறதா என்று பார்ப்பதும், பின் அதில் பயறு விதைத்து முளையைக் கவனிப்பதும் செலவில்லாச் சோதனைகள். முளைச் சோதனை வீண் எச்சரிக்கை அன்று. பிரிட்டனில் 2008இல், மேய்ச்சல் நிலத்தில் தெளித்த அமினோபைரலிட் என்னும் களைக்கொல்லி மாட்டின் வயிற்றையும் எருக்குவியலையும் கடந்து வந்து வீட்டுத் தோட்டங்களின் தக்காளியையும் அவரையையும் சுருட்டிவிட்டது. அந்த எருவும் பார்வைக்கு நன்றாகவே மக்கியிருந்தது.

சாணம் புனிதம் என்ற எண்ணம் மறைத்துவிடும் ஒன்று, அதிலுள்ள ஈ.கோலை முதலிய நுண்ணுயிர்கள். அமெரிக்க இயற்கை வேளாண் விதிகள், மண்ணைத் தொட்டு வளரும் பயிருக்கு மக்காத எரு இட்டால் அறுவடைக்கு முன் 120 நாள் இடைவெளி கேட்கின்றன. முள்ளங்கியும் கொத்தமல்லியும் அதற்குள் இரண்டு மூன்று முறை அறுத்து முடிந்துவிடும் என்பதால், பச்சையாக உண்ணும் பயிருக்கு ஐயமான எருவை இடாதிருப்பதே வழி.

பருவங்கள் செல்லச் செல்ல வேறொரு சிக்கல் சேர்கிறது. எரு தொடர்ந்து சிதைவதால் பையின் கலவை கீழிறங்க, அதை நிரப்ப மேலும் மேலும் எருவையே கொட்டுவது வழக்கம். தழைச்சத்து கசிந்துபோக, மணிச்சத்தும் உப்புகளும் தங்கிவிடுகின்றன. ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் பாயும் வீடுகளில் மண்தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூப்பது இந்தத் தேக்கத்தின் அடையாளம். எனவே ஆண்டுக்கொருமுறை கலவையைத் தார்ப்பாயில் கொட்டி, பழைய வேர்களைப் பொறுக்கி, மழைநீரில் ஒருமுறை அலசவிட்டு, புதுச் செம்மண்ணோடு கால் பங்குக்கு மேற்படாத எருவைச் சேர்த்து நிரப்புவதும், தக்காளி இருந்த பையில் அடுத்து அவரையை ஊன்றுவதும் தேவையாகின்றன.