கப்பலாட்டமும் எங்கள் அக்கரைப் பயணமும்

மலையில் பிறந்தவனுக்குக் கப்பலைப் பற்றி என்ன அக்கறை என்று கேட்பவர்கள், ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் எந்த லயத்துக் கதவையாவது தட்டிப் பார்க்கட்டும். கடல் தாண்டி வந்த கதை ஒன்றும், கடல் தாண்டித் திரும்பிப்போன கதை ஒன்றும் அங்கே இருக்கும்.

1864-ல், தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிவந்த ஆதிலட்சுமி என்ற கப்பல் 120 தொழிலாளர்களோடு மூழ்கியது. அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்புதான், 1861-ல், வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் கப்பல் அலையில் ஏன் உருளுகிறது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். ஒவ்வொரு கப்பலுக்கும் சாய்ந்து நிமிர இயல்பாகவே ஒரு நேரம் உண்டு. அலைகள் வந்து தாக்கும் இடைவெளி அந்த நேரத்தோடு ஒத்துப்போனால், பெரிய அலை தேவையில்லை. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தொட்டுத் தொட்டுத் தள்ளுவதுபோல ஆட்டம் ஏறிக்கொண்டே போகும்.

1872-ல் டோர்கி என்ற ஊரில் அவர் நீண்ட தொட்டி ஒன்றைக் கட்டி, சிறிய மாதிரிக் கப்பல்களை அதில் இழுத்துப் பார்த்தார். இன்றும் முறை அதுதான். 100 மீற்றர்க் கப்பலை 25-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 4 மீற்றர் மாதிரி கிடைக்கும். கடலில் 10 விநாடிக்கு ஒருமுறை வரும் அலையைத் தொட்டியில் 2 விநாடிக்கு ஒருமுறை எழுப்ப வேண்டும். சென்னை ஐஐடியில் இப்படிப்பட்ட தொட்டி இருக்கிறது. ஆள் சாவதற்கு முன்பே தவறைக் கண்டுபிடிப்பது இந்தத் துறையின் பெரிய பலம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை. உருளும் கப்பலை அடக்குவதில் அதன் அடிப்பாகத்தில் எழும் நீர்ச்சுழல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. தண்ணீரின் பாகுத்தன்மை சுருங்காததால் அந்தச் சுழல்கள் மாதிரியில் எப்போதும் அப்படியே வருவதில்லை. இது பொறியியலாளர்கள் அறிந்த குறை. திருத்தக் கணக்குகளும் வைத்திருக்கிறார்கள். என்னை உறுத்துவது வேறொரு குறை.

கப்பலின் ஆட்டத்தை அளந்த பிறகு, ஏறியிருப்பவர் அதை எவ்வளவு தாங்குவார் என்றும் சொல்லியாக வேண்டும். 1974-ல் ஓ'ஹன்லன், மெக்காலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதற்கொரு கணக்கு தந்தார்கள். மேலும் கீழும் அசையும் அறையில் ஆட்களை உட்காரவைத்து, எத்தனை பேர் வாந்தியெடுத்தார்கள் என்று எண்ணினார்கள். ஏறக்குறைய 6 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அசைவுதான் வயிற்றை அதிகம் புரட்டியது. அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் உள்ளே உட்கார்ந்தவர்கள் அமெரிக்கக் கல்லூரி ஆண் மாணவர்கள், 300-க்கும் மேற்பட்டவர்கள். அந்தக் கணக்குதான் கப்பல் வடிவமைப்பின் அளவுகோல்களில் நுழைந்தது. 1980-களில் லோதர், கிரிஃபின் இருவரும் 20,000-க்கும் மேற்பட்ட பயணிகளிடம் உண்மையான கப்பல்களில் விசாரித்த பிறகே, பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதலாகக் குமட்டுகிறது என்பது பெரிய அளவில் பதிவானது. பயணிகளையே கேட்டு வாங்கிய இந்த அறிவைத்தான் இத்துறையின் சிறந்த பக்கம் என்பேன்.

எங்கள் தோட்டத்திலிருந்து சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெரியம்மா, தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறிய நாளைக் கடிதத்தில் எழுதியிருந்தார். மடியில் கைப்பிள்ளை, காலடியில் தகரப் பெட்டி, மூக்கருகே தேசிக்காய். பிள்ளையின் தலையிலேயே வாந்தியெடுத்துவிட்டேன் என்ற வரியை அம்மா வாசிக்கும்போதெல்லாம் நிறுத்துவார். அந்தப் பெரியம்மாவை எந்த ஆய்வறையிலும் யாரும் உட்காரவைக்கவில்லை.

அவர் கடந்துபோன பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். காற்று கிளம்பினால் அங்கே எழுவது சமுத்திரத்தின் நீண்ட அலை அல்ல. குட்டையான, செங்குத்தான, அடுத்தடுத்து வரும் அலை. பெரிய கப்பல்களின் வடிவமைப்புக்கு அடிப்படையாக எடுக்கும் வட அத்திலாந்திக் அலைக்கணக்கை வைத்து இந்தக் கடலில் ஒரு சிறிய படகு எப்படி ஆடும் என்று சொல்ல முடியாது.

2023 ஒக்டோபர் 14-ல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செரியபாணி கப்பல் புறப்பட்டபோது மலையகத்திலும் மகிழ்ந்தோம். ஒரு வாரத்திற்குள் வடகிழக்குப் பருவமழையைச் சொல்லிச் சேவை நின்றது. நிறுத்தியது சரியான முடிவு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. 2024 ஓகஸ்ட் 16-ல் சிவகங்கை என்ற கப்பலோடு சேவை மீண்டும் தொடங்கியது.

இரு அரசுகளிடமும் கேட்பது இதுதான். எத்தனை மீற்றர் அலை வரைக்கும் இந்தக் கப்பல் போகும், அந்த அலையில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு வாந்தி வரும் என்பதைப் பயணச்சீட்டு விற்கும் இடத்திலேயே தமிழில் எழுதி ஒட்டுங்கள். கைப்பிள்ளைக்காரியையும் வயதானவர்களையும் சேர்த்து அந்தக் கணக்கைப் போடுங்கள்.