கலங்கல் கடலுக்கு எந்த விளக்கு?

புதுச்சேரியில் ஸ்கூபா பழகிவிட்டு சொந்தமாக ஒரு டார்ச் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, ‘எத்தனை லுமென்?’ என்றுதான். ஐயாயிரம், பத்தாயிரம், முப்பதாயிரம் என்று இணையக் கடைகள் அந்த எண்ணைத்தான் பெரிய எழுத்தில் போடுகின்றன. எண் ஏறுகிற வேகத்தில் விலை ஏறுவதில்லை. சந்தேகம் அங்கேயே வந்திருக்க வேண்டும். லுமெனைப் பார்த்து விளக்கு வாங்குவது முழுக்கத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நம் கரைத் தண்ணீருக்கு அந்த அளவுகோல் போதாது. வெளிச்சத்தை அளக்கிற மும்முரத்தில், அந்த வெளிச்சம் கடைசிவரை நிற்குமா என்பதை அளக்காமல் விட்டுவிடுகிறோம்.

பழக்கத்தின் நல்ல பக்கத்தை முதலில் பார்ப்போம். தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்குகிறது. பத்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பில் பெரும்பகுதி போய்விடும். பிறகு ஆரஞ்சும் மஞ்சளும் மங்கும். புதுச்சேரிக்கு அப்பால் 2013-இல் உருவாக்கப்பட்ட ‘டெம்பிள் ரீஃப்’ செயற்கைத் திட்டு ஏறத்தாழ 18 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மீன் அங்காடியில் செக்கச்செவேலென்று கிடக்கிற சங்கரா, அந்த ஆழத்தில் பட்டப்பகலிலும் சாம்பல் பூத்துத்தான் தெரியும். டார்ச்சை அடித்தால்தான் அதன் நிறம் வரும். அதற்கு வெளிச்சம் வேண்டும். அதுவும் நல்ல வெளிச்சம் வேண்டும். ஹாலோஜன் பல்பை எரிய வைக்கக் கனத்த பேட்டரிப் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிய காலம் போய், உள்ளங்கையில் அடங்கும் எல்.இ.டி. விளக்கு வந்தது பெரிய வரம். அமெரிக்காவில் 2009-இல் வந்த எஃப்.எல்.1 தரநிலை, லுமென், ஒளிக்கற்றையின் உச்சச் செறிவு, எரியும் நேரம் ஆகியவற்றை எப்படி அளப்பது என்று வரையறுத்தது. அதற்குப் பிறகுதான் ஒரு கம்பெனி விளக்கை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வழி பிறந்தது. லுமென் என்ற எண்ணுக்கு மதிப்பு வந்ததும் அப்படித்தான்.

அந்த மதிப்பைத்தான் சிலர் கள்ளப்பணமாக்கிவிட்டார்கள். கையில் ஒரு பென்சில் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். 18650 என்ற லித்தியம் பேட்டரியின் விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர். அந்த அளவில் நல்ல பேட்டரி ஒன்று 3,500 மில்லியாம்பியர்-மணி அளவுக்குத் தாங்கும், 3.6 வோல்ட்டில் அது சுமார் 12.5 வாட்-மணி ஆற்றல். எல்.இ.டி., அதை ஓட்டும் சர்க்யூட் இரண்டும் சேர்ந்து ஒரு வாட்டுக்குத் தோராயமாக நூறு லுமென் தரும் என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் லுமெனுக்கு நூறு வாட் வேண்டும். அப்படியானால் ஒற்றைப் பேட்டரி எட்டு நிமிடம்கூட வராது. அது போதாதென்று 28 ஆம்பியர் மின்னோட்டத்தையும் அந்தச் சின்னப் பேட்டரியிடம் கேட்கிறோம். ஒரு சாதாரண டைவ் முக்கால் மணி நேரம். ஆக, அட்டைப்பெட்டியில் உள்ள எண் பொய்யாக இருக்க வேண்டும், அல்லது இறங்கிய சில நிமிடங்களில் விளக்கு மங்கிவிட வேண்டும். 9,900 மில்லியாம்பியர்-மணி என்று அச்சிட்ட 18650 பேட்டரியும் இதே ரகம். முன்பு சொன்ன நல்ல பேட்டரியில் ஆயிரம் லுமென் கேட்டால், பத்து வாட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். இது நாணயமான கணக்கு.

எஃப்.எல்.1 முறைப்படி சொல்லப்படும் எண்ணிலும் ஒரு வளைவு உண்டு. ஆரம்ப வெளிச்சத்தில் பத்து சதவீதமாகக் குறையும் வரை விளக்கு ‘எரிகிறது’ என்றே அந்தத் தரநிலை கணக்கிடும். ஆயிரம் லுமென், இரண்டு மணி நேரம் என்றால், கடைசிப் பகுதி நூறு லுமெனை நெருங்கி இருக்கலாம். கரையில் தெருவிளக்கு அணைந்த சந்தில் நடக்க அது போதும். இருட்டுக் கடலில் கூட வந்தவரைத் தேடப் போதாது. ஆகவே வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்ற வரைபடத்தைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரே அளவில் நின்று எரிந்து, முன்னெச்சரிக்கை காட்டிவிட்டுக் குறையும் விளக்கே எனக்கு ஏற்புடையது.

இனி நம் தண்ணீருக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சங்கராபரணியும் தென்பெண்ணையும் கொண்டுவந்து கொட்டுகிற வண்டல் கரையோரத்தைக் கலக்கிவிடும். மழை இல்லாத நாளிலும் வங்கக் கடலின் இந்தப் பகுதி மாலத்தீவு போலக் கண்ணாடியாக இருப்பது அபூர்வம். தண்ணீரில் மிதக்கும் ஒவ்வொரு துகளும் டார்ச் வெளிச்சத்தை டைவரின் முகத்துக்கே திருப்பி அடிக்கும். மார்கழிப் பனியில் மயிலம் சாலையில் ஹைபீம் போட்டு வண்டி ஓட்டியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லுமென் என்பது விளக்கிலிருந்து கிளம்பும் மொத்த ஒளி. அது எவ்வளவு குறுகிய கற்றைக்குள் குவிகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. ஆயிரம் லுமெனைப் பத்து டிகிரி கற்றைக்குள் சீராகக் குவித்தால் நாற்பதாயிரம் கேண்டெலா வரும். பத்தாயிரம் லுமெனை 120 டிகிரிக்குப் பரப்பினால் மூவாயிரத்துச் சொச்சம்தான். பத்து மடங்கு லுமென் கொடுத்தும் நேரெதிரே போகும் ஒளியின் செறிவு பத்தில் ஒரு பங்குகூட இல்லை; போதாக்குறைக்குக் கண்முன்னே வெள்ளைத் திரை. கலங்கல் தண்ணீரில் குறுகிய கற்றை துளைத்துக்கொண்டு போகும், அகன்ற கற்றை பக்கத்திலேயே நின்றுவிடும். ஒரு மீட்டர் தூரத்தில் வீடியோ எடுப்பவருக்கு அகன்ற கற்றைதான் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. குறுகிய கற்றைக்கும் குறை உண்டு. பக்கவாட்டில் இருப்பது தெரியாது. இரவில் முதல்முறை இறங்குபவருக்கு ஒரு குழாய்க்குள் மாட்டிக்கொண்டது போல மனம் பதறும். நடுவில் அடர்ந்த கற்றையும் சுற்றிலும் மெல்லிய ஒளியும் தரும் விளக்குகள் அதனாலேயே விரும்பப்படுகின்றன.

எவ்வளவு நல்ல கற்றையாக இருந்தாலும் உள்ளே தண்ணீர் புகுந்தால் எல்லாம் முடிந்தது. இந்த இடத்தில் நான் வசிக்கும் சேதராப்பட்டின் பக்கம் திரும்புகிறேன். இது கடற்கரை ஊர் இல்லை, தொழிற்பேட்டை ஊர். ஆனால் ஹைட்ராலிக் சிலிண்டரைப் பிரித்துச் சேர்க்கிற ஒரு ஃபிட்டர் அண்ணனிடம் டைவிங் டார்ச்சைக் கொடுத்துப் பாருங்கள். மூடியைக் கழற்றி, தண்ணீரை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் காடியை நகத்தால் தடவிப் பார்ப்பார். காடியில் பிசிறு இருக்கிறதா, ரிங் ஒன்றா இரண்டா, மூடியின் மரை எத்தனை சுற்று போகிறது என்பதுதான் அவருடைய கேள்விகள். டைவர்களும் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

ஐ.பி. 68 என்ற முத்திரையைப் பார்த்து ஏமாறுபவர்கள் ஏராளம். அதன் கடைசி எட்டு, தயாரித்தவர் தாமே குறிப்பிட்ட ஆழத்துக்கும் நேரத்துக்கும் தண்ணீர் புகாது என்று மட்டுமே சொல்கிறது. அந்த ஆழம் ஒன்றரை மீட்டராகவும் இருக்கலாம். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் கரையில் இருப்பதைப் போல நான்கு மடங்கு. எனவே ஆழத்தை மீட்டரில் எழுதிக்கொடுக்காத விளக்கு வேண்டாம். ஆழம்தான் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது என்பதும் முழு உண்மை இல்லை. நல்ல நிலையில் உள்ள ஓ-ரிங்கை அழுத்தம் காடியின் ஓரத்தோடு இன்னும் இறுக்கமாகச் சேர்க்கும். ரிங் மேல் ஒரு தலைமுடியோ மணலோ இருந்தால் இரண்டு மீட்டரிலேயே, ஏன், கழுவும் தொட்டியிலேயேகூடத் தண்ணீர் புகுந்துவிடும். பல விளக்குகள் பராமரிப்புப் போதாமல்தான் சாகின்றன. சிலிகான் கிரீஸை மெல்லிய பூச்சாக மட்டும் தடவ வேண்டும்; அதுவும் நைட்ரைல் ரிங்குக்குத்தான், சிலிகானால் செய்த ரிங் அதே கிரீஸில் ஊதிவிடும்.

இங்கிருந்து எனக்கு ஒரு தேர்வு விதி கிடைக்கிறது. வெர்னியரில் உள்விட்டத்தையும் கனத்தையும் அளந்து, உள்ளூர் ஹைட்ராலிக் உதிரிபாகக் கடையில் அதே அளவு நைட்ரைல் ரிங் வாங்க முடிகிற விளக்கே நம்பகமானது. வெளிநாட்டுக் கம்பெனி மட்டுமே தருகிற விசித்திர அளவு ரிங் என்றால், அது தேய்ந்த நாளில் அந்த விளக்கு வெறும் அலுமினியக் குழாய்.

பேட்டரி விஷயத்தில் இப்படித் தீர்மானமாகப் பேச முடியவில்லை. பேட்டரியை உள்ளேயே வைத்து மூடிய விளக்கைத் திறக்க வேண்டியதில்லை, ஆகவே மணல் புக வழி குறைவு. ஆனால் வெளியே தெரியும் சார்ஜிங் முனையை உப்பு அரிக்கும். சில நூறு முறை சார்ஜ் செய்த பிறகு பேட்டரி தளர்ந்தால் விளக்கையே தூக்கிப்போட வேண்டும். கழற்றி மாட்டும் வகையில் அந்தக் கவலை இல்லை. விமானத்தில் போகும்போது பேட்டரியைத் தனியாக எடுத்துக் கைப்பையில் வைக்கலாம். இரண்டிலும் கடல்நீர் பட்ட லித்தியம் பேட்டரி வாயுவை உமிழும்; அடைபட்ட குழாய்க்குள் அழுத்தம் ஏறி மூடி தெறிக்கலாம். அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு உள்ளதா என்று பார்ப்பது அதற்காகத்தான். கலிஃபோர்னியாவில் 2019 செப்டம்பர் 2 அன்று ‘கன்செப்ஷன்’ என்ற டைவிங் படகு எரிந்து 34 பேர் இறந்தார்கள். தீ எதில் தொடங்கியது என்று விசாரணையால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் இரவில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த லித்தியம் பேட்டரிகள் மீதும் சந்தேகம் விழுந்தது. எவ்வளவு விலை உயர்ந்த விளக்காக இருந்தாலும், எல்லோரும் தூங்கும்போது சார்ஜில் கிடக்கக் கூடாது.

சுவிட்ச் பற்றிச் சுருக்கமாக. உடம்பில் ஓட்டை போடாமல் காந்தத்தால் இயங்கும் சுவிட்ச் கசியாது, ஆனால் இடுக்கில் உப்பு ஏறினால் நகராது. காம்பஸ் அருகே கொண்டுபோனால் முள்ளையும் திருப்பிவிடும். தலையைத் திருகி எரிய வைக்கும் விளக்கில் ஒவ்வொரு முறையும் ஓ-ரிங்தான் தேய்கிறது. முதல் வகையே மேல்.

காசு ஒரு எல்லைக்கு மேல் இல்லையென்றால், ஐயாயிரம் லுமென் விளக்கு ஒன்றுக்குப் பதிலாக ஆயிரம் லுமென் அளவில் இரண்டு வாங்கச் சொல்வேன். இரவு டைவில் முதன்மை விளக்கு அணைந்தால் மாற்று விளக்கை ஏற்றிக்கொண்டு மேலே வருவதே முறை. இருட்டில் பேச்சும் விளக்கால்தான்: வட்டம் போட்டால் ‘நலம்’, பக்கவாட்டில் வேகமாக ஆட்டினால் ‘ஆபத்து’. அணைந்த விளக்கோடு மொழியும் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒளி கடலுக்குள் வெறும் ஒளியாக இருப்பதில்லை. எல்.இ.டி. விளக்குப் பாய்ச்சி மீன்பிடிப்பதை 2017-இல் மத்திய அரசு தடை செய்தது, ஒளிக்கு மீன் திரண்டு வந்து மொத்தமாக வாரப்படுகிறது என்பதால். டைவரின் டார்ச் அந்த அளவுக்குத் தீங்கு செய்யாது. ஆனால் இடுக்கில் உறங்கும் மீனின் கண்ணில் முழு வெளிச்சத்தை நிறுத்தி வைத்தால் அது திகைத்து வெளியே வந்து இரையாகிப் போகும். வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைக்க முடியாத விளக்கை, அது எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கிய பிறகு நேராக ஆழத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். பேட்டரியைக் கழற்ற முடிகிற விளக்கானால், முதல் டைவில் அதை எடுத்துவிட்டு, குழாய்க்குள் காய்ந்த டிஷ்யூ தாள் ஒன்றைச் சுருட்டி வைத்து, பகலில் கீழே கொண்டுபோய் வாருங்கள். மேலே வந்ததும் வெளியே நன்றாகத் துடைத்து, ஈரம் சொட்டாமல் மூடியைத் திறந்து, தாளை விரித்துப் பாருங்கள். எங்காவது ஒரு துளி நனைந்திருந்தால் விளக்கைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.