செட்டை கிழிந்தால் கெப்சூல்: பொத்துவில் வீடுகளின் மீன் வைத்தியம்

பைட்டர் மீனின் வால் கிழிந்தால் நமது கரையில் எல்லாரும் சொல்லும் நோய் ஒன்றுதான்: அழுகல். வைத்தியமும் ஏறத்தாழ மனப்பாடம். முதலில் கொட்டாங்காய் இலை, பிறகு ஒரு கரண்டி உப்பு, அதற்கும் அசையாவிட்டால் கடைக்காரர் தரும் நீல மருந்து, கடைசியில் பாமசியில் வாங்கிய டெட்ராசைக்ளின் கெப்சூலை உடைத்துத் தொட்டியில் கொட்டுவது. மீனைத் தூக்கிக்கொண்டு வைத்தியரைத் தேடிப் போகிற வழக்கம் பொத்துவிலில் இல்லை. அரச கால்நடை வைத்தியருக்கு மாடும் ஆடும் கோழியுமே போதிய வேலை. நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனையில். ஆகவே வீடுதான் ஆஸ்பத்திரி. இந்த வீட்டு வைத்தியத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அதன் சரக்கில் பாதி தரமானது. நோயைப் பார்க்கும் முன்பே மருந்தைத் தொடங்குவதும், நம் கிணற்றைக் கணக்கில் எடுக்காததும்தான் அதன் மீது எனக்குள்ள முறைப்பாடு.

கிழிசலை முதலில் உற்றுப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் செடியிலோ கூரான கல்லிலோ உரசிய செட்டையில் கீறல் கதிர்களுக்கு நடுவே நேராக ஓடும். ஓரத்தின் நிறம் மாறாது. நாளைக்கும் அதே நீளத்தில் இருக்கும். மீன் தன் வாலைத் தானே கடித்திருந்தால் அரைவட்டமாக ஒரு துண்டு, பெரும்பாலும் ஒரே இரவில், காணாமற் போயிருக்கும். அழுகலின் போக்கு வேறு. ஓரம் கறுக்கும், அல்லது சிவக்கும், சில வேளை வெளுக்கும். பிறகு நாளுக்கு நாள் உடலை நோக்கித் தின்றுகொண்டே வரும். ஏரோமோனஸ், சூடோமோனஸ் போன்ற பற்றீரியாக்களின் வேலை இது. அவை தொட்டித் தண்ணீரில் எப்போதும் இருப்பவை. மீன் சோர்ந்தால்தான் கை வைக்கின்றன. நான்காவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும், அது நோயே இல்லை: குணமாகும் செட்டையின் ஓரத்தில் நிறமற்ற மெல்லிய சவ்வு முளைக்கும். "வாப்பா, மீன்ட வால் வெள்ளையாகிட்டு" என்று பிள்ளை ஓடி வருவது பல வீடுகளில் இந்தக் கட்டத்தில்தான். தேறிவரும் மீனுக்கு அன்றைக்குத்தான் கெப்சூல் உடைகிறது.

இதைப் பிரித்தறியக் கருவி எதுவும் வேண்டாம். தொட்டிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, தினமும் காலையில் ஒரே தூரத்திலிருந்து ஃபோனில் ஒரு படம் எடுத்தால் போதும். மூன்று நாள் படங்களை அடுத்தடுத்துத் தள்ளிப் பார்க்கும்போது ஓரம் உள்ளே போகிறதா, நின்றுவிட்டதா, வெளியே வளர்கிறதா என்பது தெரிந்துவிடும். அந்த மூன்று நாளும் மீனுக்குத் தேவையானது சுத்தமான தண்ணீர் மட்டும்.

ஏனென்றால் செட்டை தானாக வளரும். அடி வரை அழியாதவரை, கதிரையும் சவ்வையும் மீன் மறுபடி உண்டாக்கிக்கொள்கிறது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் அது இன்னும் விரைவாக நடக்கும். நம் ஊரின் சூட்டில் ஒரு சாதாரணக் கிழிசல் சில வாரங்களில் மூடிவிடும், இலை போட்டாலும் போடாவிட்டாலும். அதனால்தான் இலைக்காரரிடமும் சாட்சி இருக்கிறது, உப்புக்காரரிடமும் இருக்கிறது, கெப்சூல்காரரிடமும் இருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. மீன் செய்த வேலைக்கு மூன்று பேரும் கூலி வாங்கிக்கொள்கிறார்கள். வீட்டு வைத்தியத்தின் பலவீனம் இங்கேதான் தொடங்குகிறது: எல்லா மருந்தும் பலித்ததாகவே தோன்றுவதால் எதுவும் சோதிக்கப்படுவதில்லை.

இனித் தண்ணீருக்கு வருவோம். நம் கரையோரக் கிணறுகள் பலவற்றில் வருவது வன்னீர். கேத்தலின் அடியைச் சுரண்டினால் உதிரும் வெள்ளைப் படிவே அதற்குச் சாட்சி. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வரும் அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் நிற்கும். ஒன்று அவ்வளவு தீங்கில்லாதது. மற்றது மீனின் பூவையும் தோலையும் செட்டை ஓரத்தையும் சுட்டுவிடும். எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பிஎச் தீர்மானிக்கிறது. 28 பாகைச் சூட்டில் பிஎச் 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் 0.7 வீதம்தான் சுடும் வடிவம். அதே சூட்டில் பிஎச் 8 ஆனால் அது 6.5 வீதத்தைத் தாண்டிவிடும். ஏறத்தாழ பத்து மடங்கு. மென்னீர் வரும் ஊரில் இருப்பவர் வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றச் சொன்னால் அது அவருடைய தண்ணீருக்குச் சரி. வன்னீர்க் கிணற்றிலிருந்து ஜேம் போத்தலை நிரப்புகிறவர் அதையே பின்பற்றினால், வாரத்தின் கடைசி இரண்டு நாளும் மீன் காரத்தில் நீந்தும். ஓரம் கருகிய பிறகு அதற்கு அழுகல் என்று பெயர்.

"இது காற்றைக் குடிக்கிற மீன், சிரட்டையில் விட்டாலும் பிழைக்கும்" என்று விற்கிறவர்கள் சொல்வதில் முதற்பாதி உண்மை. பூவோடு சேர்த்து, மேற்பரப்புக் காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பும் இதற்கு உண்டு. 2022இல் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது மற்ற மீன்கள் செத்து மிதந்த தொட்டிகளில் பைட்டர் தப்பியது இதனால்தான். ஆனால் மூச்சு விடக் காற்று கிடைப்பதால் தண்ணீரின் நஞ்சு குறைந்துவிடாது. தாய்லாந்தின் வயல்களும் சதுப்புகளும் இதன் பூர்வீகம். வயல் என்றால் என்னவென்று அம்பாறை மாவட்டத்தாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை: ஆழம் கணுக்கால், அகலம் ஏக்கர் கணக்கு. போத்தலில் அந்த ஆழம் மட்டும் இருக்கிறது.

கொட்டாங்காய் என்று சிறுவயதில் நாம் கல்லால் உடைத்துத் தின்ற நாட்டு வாதுமையின் காய்ந்த இலை, வெளிநாட்டுக் கடைகளில் பெட்டியில் அடைத்து விற்கப்படுகிறது. நமக்கு வீதியோரத்தில் சும்மா கிடைக்கிறது. அதன் சாறு ஏரோமோனஸின் வளர்ச்சியை மந்தப்படுத்துவதை ஆய்வுகூடத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே இது வெறும் நம்பிக்கை இல்லை. ஆனால் இலை தண்ணீரின் பிஎச்சை இறக்கும் என்ற பேச்சு நமக்குப் பொருந்தாது. வன்னீரில் கரைந்துள்ள காபனேற்று அந்த அமிலத்தை விழுங்கிவிடும். தண்ணீர் தேநீர் நிறமாகும், பிஎச் இருந்த இடத்திலேயே நிற்கும். இரண்டு லீற்றர் போத்தலில் முழு இலையைத் திணித்தால் அது அழுகித் தானே ஒரு கழிவாகும். அந்தத் தேநீர் நிறத்துக்குள் செட்டை ஓரம் கண்ணுக்குத் தெரியாமல் போவது இன்னொரு தொந்தரவு. 20 லீற்றர் தொட்டிக்கு, தானாக உதிர்ந்து காய்ந்து கழுவிய ஓர் இலை என்றால் நானும் போடுவேன்.

பிஎச்சையும் வன்மையையும் உண்மையில் இறக்கக்கூடிய சாமான் மாரியில் கூரையிலிருந்து கொட்டுகிறது. முதல் மழைகளை விட்டுவிட்டு, பிறகு பிடித்த மழைத்தண்ணீரைக் கிணற்றுத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் வன்மையும் ஏறத்தாழ பாதியாகும். தனி மழைத்தண்ணீர் கூடாது. பிஎச்சைத் தாங்கிப் பிடிக்க அதில் எதுவும் இல்லை, சில நாளில் சரிந்துவிடும். இந்த வழியை எந்தக் கடையும் சொல்லாது, விற்க ஒன்றுமில்லையே.

உப்பு நல்ல மருந்து. மீனின் உடல் நீர் சுற்றியுள்ள தண்ணீரை விட உப்பானது. செட்டையில் புண் வந்தால் அதன் வழியே வெளித் தண்ணீர் உள்ளே ஏறும், அதை வெளியேற்றவே மீனின் சக்தி போய்விடும். லீற்றருக்கு 1 முதல் 2 கிராம் உப்பு அந்தச் சுமையைக் குறைக்கிறது. அயடீன் கலந்த உப்பு மீனைக் கொல்லும் என்ற பயம் வீண். இந்த அளவு உப்பில் வரும் அயடீன் மிகச் சொற்பம். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறிய கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தும் உவர் உடனே இறங்காததை இந்தக் கரையில் மறந்தவர் இல்லை. இன்றும் கோடை முற்றினால் கடலோரக் கிணறுகள் சில சவர்க்கும். நாக்கு அறியும் அளவுக்குச் சவர் இருந்தாலே லீற்றருக்குச் சில நூறு மில்லிகிராம் உப்பு அதில் ஏற்கனவே கரைந்திருக்கிறது. அதன் மேல்தான் கரண்டிக் கணக்கு ஏறுகிறது. போதாததற்குக் கச்சான் காற்று தண்ணீரை உறிஞ்சும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவை நிரப்பி நிரப்பி, ஒவ்வொரு முறையும் புதுக் கரண்டியும் போட்டால், பத்தாம் நாள் அந்த மீன் ஏறக்குறைய களப்பில் வாழும். மாற்றிய தண்ணீருக்கு மட்டும் உப்பு, அதுவும் பத்து நாளுக்கு மேல் வேண்டாம்.

கெப்சூலைப் பற்றி இவ்வளவு பொறுமையாகப் பேச முடியவில்லை. டெட்ராசைக்ளின் கல்சியத்தோடும் மக்னீசியத்தோடும் ஒட்டிக்கொள்ளும் மருந்து. வன்னீரில் கொட்டியவுடன் அதில் பெரும்பங்கு மீனுக்குள் போகாமலேயே கட்டுண்டுவிடுகிறது. மிச்சத்தை வெளிச்சம் சிதைக்கிறது. வேறு எந்த ஊரில் எப்படியோ, நம் கிணற்றுத் தண்ணீரில் இது மிக மோசமான தெரிவு. அரைகுறை அளவு மருந்து பற்றீரியாவைக் கொல்லாமல் பழக்கிவிடும். அமோனியாவைத் தின்று தொட்டியைக் காக்கும் நல்ல பற்றீரியாவுக்கும் அது தீங்கு. நீல மருந்தான மெதிலீன் புளூவுக்கும் இந்தக் கடைசிக் குற்றம் உண்டு. பூஞ்சணத்துக்கும் முட்டைக்கும் அது உதவும், அழுகலுக்கு அல்ல. பிறகு அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுகிறோம்? கிணற்றடி மணலில். அங்கிருந்து அது எங்கே இறங்கும் என்று சொல்ல விஞ்ஞானி வேண்டாம்.

பற்றீரியாக் கொல்லிக்கே இடமில்லை என்று சொல்லவில்லை. அழுகல் அடிவரை வந்துவிட்டால், உடலில் சிவப்புக் கோடு தெரிந்தால், முதுகில் வெண்படலம் சேணம் போல் படர்ந்து மீன் தீனியை விட்டால், அது வேறு கட்டம். அந்த வெண்படலம் பெரும்பாலும் கொலம்னாரிஸ் என்ற நோய். சூட்டில் அது வேகம் பிடிக்கும். 'தண்ணீரைச் சூடாக்கு' என்று எல்லா நோய்க்கும் சொல்லப்படும் அறிவுரையை அங்கே கேட்டால் மீன் ஓரிரு நாளில் போய்விடும். பொத்துவிலில் ஹீட்டர் வாங்குவது எப்படியும் காசுக்குக் கேடு. இம்மீன் கேட்பது 24 முதல் 28 பாகை. கோடையில் தகரக் கூரைக்குக் கீழே நாம் யோசிக்க வேண்டியது தொட்டியை எப்படிக் குளிர்த்துவது என்பதைத்தான்.

வீட்டு முறையின் இன்னொரு சேதம் சுத்தத்தின் பெயரால் நடக்கிறது. வெள்ளிக்கிழமை காலை மீனைக் கோப்பையில் விட்டு, தொட்டியைக் கவிழ்த்து, கல்லையும் ஸ்பொஞ்சையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்புவது. உம்மாமாரின் குசினிச் சுத்தம் இது, தொட்டிக்கு ஆகாது. அந்த வழுவழுப்பில்தான் அமோனியாவைத் தின்னும் பற்றீரியா குடியிருக்கிறது, அது மறுபடி முளைத்துப் பெருக நாலு முதல் ஆறு வாரம் எடுக்கும். கால்வாசித் தண்ணீரை மட்டும் எடுத்து, அதே சூட்டில் உள்ள தண்ணீரை ஊற்றி, ஸ்பொஞ்சை எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்து வைத்தால் போதும். குழாய்த் தண்ணீரானால் குளோரீன் போக ஒரு நாள் வாளியில் திறந்து வைக்க வேண்டும். அந்த வாளியை அங்கேயே மறந்துவிடாதீர்கள். நுளம்புப் புழு பைட்டருக்கு அருமையான தீனிதான், ஆனால் அதை முற்றத்தில் வளர்ப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பி.எச்.ஐ.யிடம் மீனுக்குத் தீனி என்று சொல்லித் தப்ப முடியாது.

செல்லப் பிராணி வளர்க்கலாமா என்று கேட்டால், அபூ உமைர் என்ற சிறுவனின் குருவியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்த செய்தியைக் காட்டிக் கூடும் என்பார்கள் ஆலிம்கள். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் செய்தியைக் காட்டி நிபந்தனையையும் சொல்வார்கள். இரண்டு ஆண் மீன்களின் போத்தல்களை ஒட்டி வைத்து, அவை நாள் முழுக்க செட்டை விரித்துச் சீறுவதை ரசிப்பது அந்த நிபந்தனைக்குள் அடங்குமா என்பது எனக்குச் சந்தேகம். நடுவில் ஓர் அட்டைத் துண்டு வைத்தால் தீர்கிற காரியம் இது.

கிழிகிற செட்டையை உண்டாக்கியவர்களும் மனிதர்கள்தான் என்பதை மருந்துப் பேச்சில் மறந்துவிடுகிறோம். காட்டு பைட்டருக்கு வால் குட்டை. இதன் தூரத்து உறவான ஒரு சிறு மீன், புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்றின் பெயரால் 1831இல் அறிவியல் பெயர் பெற்றது, இலங்கையின் தாழ்நிலக் கரையோர வாய்க்கால்களிலும் வாழ்கிறது. சிறிய செட்டையோடு புல்லிடுக்கில் புகுந்து புறப்படும் அதற்கு இந்த வைத்தியமெல்லாம் தேவைப்படுவதில்லை. ஹாஃப்மூன் வகை மீனோ தன் உடலை விடப் பெரிய செட்டையை இழுத்துக்கொண்டு நீந்துகிறது. களைத்து அடியில் படுக்கிறது, கல்லில் உரசுகிறது, சில வேளை அந்தப் பாரத்தைத் தானே கடித்துக் குறைக்கிறது. அப்படிக் கடிக்கும் மீனுக்கு எந்த இலையும் உப்பும் மருந்தில்லை. பிளக்காட் என்ற குட்டைவால் வகையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, நிறத்திலும் அது சளைத்ததில்லை. நம் பக்கத்துக் கடைகளில் அதைக் கேட்டால், "அதுல என்ன வடிவு காக்கா?" என்று நீளவாலைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். நாலு பேர் விடாமல் கேட்டால் அதுவும் கொழும்பிலிருந்து ஏ4 வீதி இரவு பஸ்ஸில் பையோடு வந்து இறங்கும்.